கழுவித் துடைத்த நிலாக்கள்

கும்மிடிப்பூண்டி பஜாரில் ராஜமாணிக்கத்தின் ஃப்ளெக்ஸ் கடைக்குள் வந்த எந்த முகமும் வந்தபடியே வெளியே போனதில்லை. மஞ்சள் நீராட்டு விழாப் பெண்ணின் நெற்றிப் பரு, காதணி விழாக் குழந்தையின் கன்னத்துக் கொசுக்கடி, பிறந்தநாள் பேனரில் மூன்றாம் வரிசையில் கைகூப்பி நிற்பவரின் கண்ணுக்குக் கீழிருக்கும் கருவளையம் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்தெடுத்த பிறகுதான் படம் மிஷினுக்குப் போகும். சிப்காட்டில் உலை அடியில் நின்று வெந்துபோகிற ஆட்கள்கூட பேனரில் பன்னீரில் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி சிரிப்பார்கள். இதற்காகவே தடா, சூளூர்பேட்டையிலிருந்து ஆந்திர எல்லை தாண்டி வந்து தெலுங்கில் பேனர் அடித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

துடைக்கிற கை குணசுந்தரியுடையது. திருவள்ளூரில் பி.காம். முடித்த கையோடு, வேறு நல்ல வேலை கிடைக்கும்வரை என்று இந்தக் கடையில் உட்கார்ந்தவள். வேலை பிடித்துப்போய்விட்டது. வேறு வேலை தேடுவதை அவளும் மறந்தாள், ரோலிங் மில்லில் வேலை பார்க்கிற அவள் அப்பாவும் மறந்துவிட்டார்.

"மூஞ்சி வந்தா மொதல்ல க்ளீன் பண்ணு. பேரு இன்னா, தேதி இன்னான்றதெல்லாம் அப்பால கேட்டுக்கலாம்" என்பது ராஜமாணிக்கம் வகுத்த சட்டம். அந்தச் சட்டம் இப்போது குணாவின் விரலிலேயே ஊறிப்போயிருந்தது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்தாலும், எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்கலாம் என்று மனம் கணக்குப் போடும்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வரதன், ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். சொந்தமாக நெல் வயல், வீட்டில் அம்மா மணியம்மாள் மட்டும். வரதனை அவளுக்குப் பிடித்திருந்தது. பேசும்போது எதிராளி முடிக்கும்வரை காத்திருக்கிற ஆளாக இருந்தான். மனதில் இருந்தது ஒரே ஒரு உறுத்தல். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டு உறவில் யாரோ ஒரு அம்மாள், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "வாத்தியாருக்கு பேனர் அடிக்கிற பொண்ணா?" என்று கேட்டது அவள் காதில் விழுந்துவிட்டது. கேட்ட அம்மாள் அடுத்த நிமிஷமே ரசத்துக்குக் கையை நீட்டிவிட்டார். குணாவுக்குத்தான் அது தொண்டையிலேயே நின்றது.

அதனால், கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலையில் வரதன் போன் செய்து வேலை ஒன்று கேட்டபோது அவள் மகிழ்ந்துபோனாள்.

"ஸ்கூல்ல கண்காட்சிங்க. விண்கலமெல்லாம் போய் எடுத்த படம் கொஞ்சம் அனுப்பறேன். கிரகம், நிலா எல்லாம் இருக்கு. நாலுக்கு நாலு சைஸ்ல அடிச்சித் தர முடியுமா? சனிக்கெழம கண்காட்சி."

"அத்தினியும் நிலாவா? நமக்கு ஒன்னுதானே?"

"நமக்கு ஒன்னுதான். வியாழன் கிரகத்துக்கு மட்டும் நூறுக்குப் பக்கம் இருக்கு."

"ஐயோ பாவம். அந்த ஊர்ல கார்த்திகை தீபத்துக்கு எந்த நிலாவ நம்பி வெளக்கு ஏத்துவாங்க?"

வரதன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அன்று மதியம்வரை அவளுக்குத் துணையாக இருந்தது.

மதியம் படங்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தவள் திகைத்துப்போனாள். இவ்வளவு மோசமான முகங்களை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. கலிஸ்டோ என்று பெயர் போட்டிருந்த நிலாவில் விரல் வைக்க இடமில்லாமல் குழிகள். அயோ என்பது, முகம் நிறைய மஞ்சள் பூசிக்கொண்டவளுக்கு அன்றைக்கென்று பார்த்து அம்மை வார்த்த மாதிரி, கறுப்பும் சிவப்புமாகப் பொரிந்துகிடந்தது. மைமாஸ் என்ற குட்டி நிலாவின் பக்கவாட்டில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்தியது போல ஒரே ஒரு பெரிய பள்ளம். ட்ரைடன் பாதி நன்றாக இருந்தது, மீதி முலாம்பழத் தோல். புதன், நம்முடைய நிலா, செவ்வாய் எதுவும் விதிவிலக்கில்லை. செவ்வாயின் வயிற்றில் ஆபரேஷன் தழும்பு மாதிரி குறுக்கே ஒரு நீளக் கிழிசல்.

யூரோப்பாவைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. வெள்ளைப் பந்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பழுப்புக் கீறல்கள். இந்த வியாதி அவளுக்குத் தெரியும். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு என்று பீரோவுக்கு அடியிலிருந்தும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் எடுத்துவரும் பழைய போட்டோக்களில் இதே கீறல்கள்தான் இருக்கும். அதைச் சரிசெய்வதில் எளாவூர் வரைக்கும் அவளுக்குப் பெயர் உண்டு.

நிலாவில் பள்ளம் இருப்பது அவளுக்குத் தெரியாதா என்ன? எட்டாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்தவள்தான். மனிதர் முகத்திலும்தான் பள்ளம் இருக்கிறது. இருப்பதால் பேனரில் போட்டுவிடுகிறோமா? நாலு பேர் வந்து பார்க்கிற இடத்தில் வைப்பதற்கு என்று ஒரு மரியாதை இருக்கிறதே. அதுவும் அவர் பள்ளிக்கூடத்தில், அவர் கௌரவத்துக்கு. வந்து பார்க்கிறவர்கள், யார் செய்தது என்று கேட்க வேண்டும். அவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்து உழைத்தாள். கலிஸ்டோவின் குழிகளை ஒவ்வொன்றாகத் தூர்த்தாள். அயோவின் கொப்புளங்களை எடுத்து, நல்ல எலுமிச்சை மஞ்சளாக ஆக்கினாள். மைமாஸின் பள்ளத்தைப் பக்கத்துத் தோலைக் கொண்டே மூடினாள். யூரோப்பாவின் கீறல்கள் போனபின் அது இட்லி மாதிரி வெண்மையாக, மெத்தென்று நின்றது.

கடைசியாக வந்தது புளூட்டோ. அதைத் திறந்ததும் அவள் கை மவுஸில் அப்படியே நின்றுவிட்டது.

பழுப்பு நிறப் பந்தின் நடுவில், வெளிர் நிறத்தில், பெரிதாக ஒரு இதயம்.

சட்டென்று திரும்பி ராஜமாணிக்கம் பார்க்கிறாரா என்று பார்த்தாள். அவர் மிஷினுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார். மறுபடி திரையைப் பார்த்தாள். இதயமேதான். கல்யாணப் பத்திரிகைக்கும் பேனருக்கும் தினம் தினம் எத்தனை இதயம் வைத்திருப்பாள், அவளுக்குத் தெரியாதா? பேசும்போது 'ங்க' போட்டு, எட்ட நின்று பேசுகிற வாத்தியார், யாரும் சந்தேகப்படாதபடி கிரகங்களுக்கு நடுவில் இதைச் செருகி அனுப்பியிருக்கிறார். அவள் காது சூடானது. அந்தப் படத்தில் ஒரு புள்ளியைக்கூட அவள் தொடவில்லை. இதயத்தை மட்டும் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கினாள்.

அச்சடித்து வந்ததை ராஜமாணிக்கம் தரையில் விரித்துப் பார்த்தார். "இன்னா குணா, மாப்ள கோலிகுண்டு கட வெக்கப்போறாரா? சும்மா பளிங்கு மாரி கீது."

"பொறாமையா ணா?"

"எனக்கு இன்னா பொறாம? என் கல்யாணத்துக்கு என் மூஞ்சிய கூட இந்த மாரி எவனும் தொடைக்கலியேன்னு நெனச்சிக்கினேன்."

சுருட்டிக் கட்டி, ஊத்துக்கோட்டை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் வரதனிடமிருந்து செய்தி வந்தது. "வந்துருச்சுங்க. ரொம்ப நல்லா இருக்கு. தேங்க்ஸ்." அவ்வளவுதான். இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்த 'ரொம்ப நல்லா இருக்கு' அவளைத் திருப்திப்படுத்தவில்லை. நன்றாக இருந்தால் எது நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவன் அல்லவா அவன்?

வெள்ளிக்கிழமை மணியம்மாளே போன் செய்தாள். "கண்ணு, நாளைக்கு வரதன் இஸ்கூல்ல இன்னமோ கோளு கீளு காட்றானாம். நான் போறேன். நீயும் வாயேன். கல்யாணத்துக்கு முன்ன ஊட்டுக்கு வரக்கூடாதுன்னுவாங்க. இஸ்கூலுக்கு வரக்கூடாதுன்னு எவன் சொன்னான்?"

குணா மறுநாள் நீலப் புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் சம்பா பயிர் பச்சை பிடித்து நின்றது. ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்தில், காய்கறிப் பையோடு மணியம்மாள் காத்துக்கொண்டிருந்தாள். ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவர்களுக்கெல்லாம், "எங்க ஊட்டுக்கு வரப்போற பொண்ணு. படமெல்லாம் இதுதான் போட்டுக் குடுத்துது" என்று கேட்காமலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். குணாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்தப் பேச்சு நிற்கக்கூடாது என்றும் இருந்தது.

பள்ளியில் எந்த அறை என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தாழ்வாரத்துக் கடைசி அறையிலிருந்து சிரிப்பு அலையலையாக வந்தது. வாசலில் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். குணா அவர்கள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

அவளுடைய நிலாக்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. வழவழப்பாக, பெரிதாக, பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே சாதாரணத் தாளில் ஒரு சின்னப் படம், மேலே இன்னொரு தாளால் மூடியிருந்தது. வரதன் ஒரு குச்சியோடு நின்றுகொண்டிருந்தான்.

"இது எந்த நிலா? யாராவது சொல்லுங்க."

"எலுமிச்சம்பழம் சார்!"

"தட்டாங்கல்லு சார்!" பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

"இட்லி சார்!" என்று யூரோப்பாவைக் காட்டி ஒருவன் கத்தினான். அறை அதிர்ந்தது.

"சொல்ல முடியல இல்ல? ஏன் முடியல? மேல இருந்த குழி, மேடு, கோடு எல்லாத்தையும் எடுத்தாச்சு. இப்ப கீழ தொறங்க."

ஒரு மாணவி கீழ்ப் படத்தை மூடியிருந்த தாளைத் தூக்கினாள். கீறல்களோடு யூரோப்பா தெரிந்தது.

"இந்தக் கோடெல்லாம் ஐஸ்ல விழுந்த வெடிப்பு. இதுங்கள பாத்துதான், அடியில கடல் இருக்கலாம்னு யோசிக்க ஆரம்பிச்சாங்க. கோட்ட அழிச்சிட்டா கடலும் போச்சு. இங்க பாருங்க, கலிஸ்டோ. இத்தினி குழி இருக்கறதாலதான் இந்தத் தரை ரொம்பப் பழசுன்னு தெரியுது. குழிய மூடிட்டா வயசு தெரியாது. அயோல இருக்கற கறுப்புப் புள்ளியெல்லாம் எரிமலைங்க. செவ்வாய்ல இந்தக் கிழிசல் இருக்கே, கன்னியாகுமரியிலேர்ந்து காஷ்மீர் வரைக்கும் போட்டாலும் மிச்சம் இருக்கும். அது எங்க காணோம்? அவ்ளோ பெரிய பள்ளத்தாக்க காணோம்!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தான் செய்தது என்ன என்று அந்த வாசற்படியில் நின்றபடி, நிலா நிலாவாகக் குணாவுக்கு விளங்கியது. கடலைத் துடைத்திருக்கிறாள். வயதைத் துடைத்திருக்கிறாள். எரிமலைகளை எலுமிச்சை ஆக்கியிருக்கிறாள். இரண்டு நாள் ஆசை ஆசையாக. அவன் அதைப் பார்த்துவிட்டு, 'ரொம்ப நல்லா இருக்கு, தேங்க்ஸ்' என்று அனுப்பியிருக்கிறான்.

சத்தமில்லாமல் திரும்பிவிடலாம் என்று நினைத்த நேரத்தில், தலைமையாசிரியை ஹெலன் உள்ளேயிருந்து கைதட்டினார்.

"வரதன் சார், பிரமாதமான ஐடியா! வெறும் படத்த மாட்டியிருந்தா பசங்க ஓடிப்போயிருப்பாங்க. எதை எடுத்துட்டா இது நிலாவே இல்லன்னு காட்டிட்டீங்க. யாரு பண்ணிக் குடுத்தது?"

"குணசுந்தரின்னு... எனக்கு நிச்சயம் பண்ணியிருக்கவங்க மேடம். அவங்க ஐடியாதான்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தவன், வாசலில் நிற்கும் நீலப் புடவையைப் பார்த்தான். கையிலிருந்த குச்சி தாழ்ந்தது.

"அவங்களே வந்துட்டாங்க சார்!" என்று ஒரு மாணவி அவன் பார்வையை வைத்துக் கண்டுபிடித்துச் சொல்ல, அறை முழுவதும் கைதட்டியது. மணியம்மாள் மருமகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். ஹெலன் அருகே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் வேலையைப் பார்த்து, யார் செய்தது என்று கேட்க வேண்டும், அவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. அவளுக்கு அழுகைதான் வந்தது.

"கொஞ்சம் வெளிய வரீங்களா?" என்றாள் வரதனிடம்.

பள்ளிக்குப் பின்னால், சைக்கிள்கள் நிறுத்தும் கொட்டகையில் நின்றார்கள். வரதன் மூக்கைச் சொறிந்தான்.

"வருவீங்கன்னு தெரியாது" என்றான்.

"தெரிஞ்சிருந்தா?"

"மேல இருக்கற படத்த கழட்டியிருப்பேன்."

"கழட்டிட்டு, ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு இன்னொரு தபா சொல்லியிருப்பீங்க. இல்ல?"

அவன் ஒரு சைக்கிளின் மணியைத் திருகினான்.

"ஒரு போன். 'இன்னாங்க இப்படி பண்ணி வெச்சிருக்கீங்க'ன்னு ஒரே ஒரு போன். வேற அடிச்சிக் குடுத்திருக்க மாட்டேனா? ஒரு மணி நேர வேல."

"நீங்க எவ்ளோ பாடுபட்டு செஞ்சிருந்தீங்கன்னு பாத்தாலே தெரிஞ்சிது. கலிஸ்டோல ஒரு குழி விடல. எப்படி சொல்றது? மனசு வருத்தப்படுமேன்னு..."

"இப்ப மட்டும் குளுகுளுன்னு இருக்குதா? எம் பேர்ல பொய் சொல்லி கைதட்டல் வாங்கிக் குடுத்திருக்கீங்க. அந்த மேடம் எங்கைய புடிச்சிக் குலுக்கறாங்க. உங்கம்மா திருஷ்டி கழிக்கிறாங்க. நான் அங்க எந்த மூஞ்சியோட நிக்கறது?" அவள் குரல் உடைந்தது. "பேனர் அடிக்கிற பொண்ணுதானே, இதுக்கு இன்னா தெரியும், ஒன்னும் சொல்லாம சமாளிச்சிக்கலாம்னு நெனச்சீங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல."

"அப்படித்தான் இருக்குது. கொழந்தைக்குத்தான் அழுவுமேன்னு உண்மைய மறைப்பாங்க. நாளைக்கு உங்க ஊட்ல வந்து சமைப்பேன். வாயில வெக்க முடியலன்னாலும் ரொம்ப நல்லா இருக்குன்னு சாப்ட்டு எழுந்து போவீங்க. நான் அதையே நம்பிக்கினு காலம்பூரா அதையே ஆக்கிப் போடணும். எனக்கு அந்தப் பொழப்பு வேணாம்."

வரதன் ஒரு சைக்கிள் சீட்டில் கை வைத்தபடி நின்றான். அவள் முடித்துவிட்டாளா என்று காத்திருப்பது தெரிந்தது. அந்த நேரத்திலும் அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"தப்புதாங்க" என்றான் கடைசியில். "சொல்லியிருக்கணும். எனக்கு தைரியம் இல்ல. உங்களுக்கு தெரியாதுன்னு நெனக்கல. நீங்க கோச்சிப்பீங்களோன்னுதான் பயந்தேன்."

"இப்ப கோச்சிக்கலயா?"

"இப்பதான் கோச்சிக்கினீங்க. அவ்ளோ ஒன்னும் மோசமா இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஒன்னு கேக்கட்டா? எல்லாத்தையும் தொடச்சீங்க, புளூட்டோவ மட்டும் தொடலயே. அது மட்டும் எப்படித் தெரிஞ்சிது?"

குணா வேறு பக்கம் பார்த்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம். ஆனால் இத்தனை நேரம் அவனைப் பிடித்து உலுக்கிவிட்டு, தான் மட்டும் மறைப்பது நியாயமாகப் படவில்லை.

"அந்த இதயம்... நீங்க எனக்காக வெச்சி அனுப்புனீங்கன்னு நெனச்சேன்."

வரதனின் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, பிறகு என்னவோ நினைத்துக்கொண்டு போய்விட்டது.

"அது... நைட்ரஜன் ஐஸ்ங்க" என்றான்.

"இன்னாது?"

"நிஜமாவே அங்க இருக்கறதுதான். ஒரு பக்கம் பெரிய சமவெளி. நைட்ரஜன் ஒறஞ்சிபோய்... நானா வெக்கல." அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பதறி, "வெச்சிருக்கலாம். தோணல. உண்மைய சொல்லணும்னீங்களே, அதான்" என்றான்.

குணா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து அவன் ஒரு அடி கிட்டே வந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க உள்ள போலாம்" என்றாள்.

"எதுக்கு?"

"வாங்க சொல்றேன்."

நேராக ஹெலன் எதிரில் போய் நின்றாள். பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள்.

"மேடம், இது என் ஐடியா இல்ல. நான் தப்பா செஞ்சது. எங்க கடையில எந்த மூஞ்சி வந்தாலும் பரு, தழும்பு எல்லாத்தையும் எடுத்துட்டுதான் பிரிண்ட் போடுவோம். அந்த பழக்கத்துல இதுங்களையும் எடுத்துட்டேன். இந்த யூரோப்பாவ கீறல் விழுந்த பழைய போட்டோன்னு நெனச்சி சரிபண்ணேன். தப்ப வெச்சி வெளயாட்டா மாத்துனது சார்தான். அந்தப் பாராட்டு அவருக்குத்தான் சேரணும்."

ஹெலன் சிரித்த சிரிப்பில் அவருடைய கண்ணாடி நழுவியது. "அடக் கடவுளே! ஆண்டு விழா பேனர்ல என் மூஞ்சியும் உங்க கடையிலதான் அடிச்சோமா? என் பொண்ணு பாத்துட்டு, யாரு மம்மி இந்த அக்கான்னு கேட்டா!"

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. எப்படி எடுப்பீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், எங்கள் கணக்கு சார் வழுக்கையையும் எடுப்பீர்களா என்று மேலே விழுந்து கேட்டார்கள். குணா சுவரோரமாக நின்று ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். குழியை மூட எந்த இடத்துத் தோலை எடுத்தாள், வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்து எப்படி நிழலை அழித்தாள் என்று விளக்கினாள். அதைக் கேட்ட வரதன், "பாத்தீங்களா, நெழல் எந்தப் பக்கம்னு பாத்தாதான் குழியா மேடான்னே தெரியும்" என்று அங்கிருந்து தன் பாடத்தைப் பிடித்துக்கொண்டான். சீக்கிரமே அவள் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக நின்று படம் படமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவர் நடுவிலும் பிள்ளைகள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்கள்.

மணியம்மாள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அத்த, கோவமா?" என்று கேட்டபடி குணா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கோவம் இன்னா கோவம். இப்பதான் வெளங்குது. நிச்சயதார்த்த பேனரும் நீதானே போட்ட?"

"ஆமா அத்த."

"அதுல இவன் பொருவத்து மேல தழும்ப காணோம். ஆறாவது படிக்கச் சொல்ல கெணத்து மேட்லேர்ந்து உழுந்தான். தையல் போட்டாங்க. நான் அந்த பேனர பாத்துட்டு, பொண்ணு ஊட்ல வேற எவனோ போட்டோவ போட்டுட்டாங்களேன்னு பேஜாரா பூட்டுது. கிட்ட போயி சட்டைய பாத்துதான் எம் புள்ளன்னு தெரிஞ்சிக்கினேன்."

குணா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அன்னைக்கே சொல்றதுதானே அத்த?"

"எப்படிமே சொல்றது? பொண்ணு ஆசையா செஞ்சிருக்குது, மனசு நோவுமேன்னு..."

குணா வரதனைப் பார்த்தாள். வரதன் மேல்கூரையைப் பார்த்தான்.

"உங்க ஊட்ல எல்லாருமே இப்படித்தானா?" என்றாள்.

சாயங்காலம் அவளை பஸ் ஏற்றிவிட அம்மாவும் பிள்ளையும் ஊத்துக்கோட்டை வரைக்கும் வந்தார்கள். திங்கட்கிழமை படங்களை உள்ளபடி அடித்து அனுப்புகிறேன், வழவழப்பானவற்றையும் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள் என்று குணா சொல்லியிருந்தாள். மற்ற பள்ளிகளிலும் கொண்டுபோய்க் காட்டலாம் என்று ஹெலன் சொன்னதிலிருந்து வரதனுக்குத் தரையில் கால் பாவவில்லை. பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் டீ குடிக்கப் போயிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்த குணா, வெளியே நின்ற இருவரையும் பார்த்துச் சொன்னாள்.

"பஸ் எடுக்கறதுக்குள்ள ஒரு வேல இருக்குது. என் மனசு நோவுமேன்னு வேற இன்னாலாம் மூடி வெச்சிருக்கீங்களோ, எல்லாத்தையும் இப்பவே சொல்லிடுங்க."

அம்மாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நிச்சயதார்த்தத்துல உங்க ஊட்டு பாயாசம்" என்று மணியம்மாள் முந்திக்கொண்டாள். "அடி புடிச்சிருந்துது. நான் ரெண்டு டம்ளர் குடிச்சேன்."

"அடி புடிச்சத எதுக்கு ரெண்டு டம்ளர்?"

"உங்கம்மா பக்கத்துலயே நின்னுக்கினு பாத்துக்கினு இருந்துது. நான் இன்னா பண்றது?"

குணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க?" என்றாள் வரதனிடம்.

அவன் தயங்கினான். "தெனம் காலைல ரோஜாப்பூ போட்டு, பொன்மொழி எழுதி, காலை வணக்கம்னு அனுப்பறீங்களே..."

"ஆமா. நானே டிசைன் பண்றது."

"நான் ஒன்னுகூடப் படிச்சதில்ல. கட்டைவெரல் மட்டும் போட்டுடுவேன்."

"ஒன்னுகூடவா?"

"முதல் நாள் அனுப்புனத மட்டும் படிச்சேன்."

அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஒரு கணம் உதட்டைக் கடித்தாள். அவன் அதைப் பார்த்தும் வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பயந்த முகத்தோடு, ஆனால் அங்கேயே நின்றான். அதைக் கண்டதும் அவளுக்குள் ஏதோ இளகி, இடம் பிடித்து உட்கார்ந்தது.

"சரி, என் பங்கு. நான் கேட்டா நானும் சொல்லணும் இல்ல? நீங்க போன்ல பாடம் நடத்தறீங்க. நல்லாதான் இருக்குது, ஆனா ஆரம்பிச்சா முடிக்க மாட்டேங்கறீங்க. அன்னைக்கு சனி கிரகத்து வளையம் சொன்னீங்களே, நான் பாதியில தூங்கிட்டேன்."

"ம் ம்னு சொன்னீங்களே?"

"அது எங்கம்மா. போன எடுத்துக் கையில வெச்சிக்கினு அவங்கதான் ம் சொன்னாங்க."

மணியம்மாள் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தாள். "இவன் அப்பாவும் இதே கதைதான்! ஒரம் போடறத பத்தி பேச ஆரம்பிச்சா விடிஞ்சிடும். நான் ம் சொல்லிக்கினே அரிசி பொறுக்கி முடிச்சிடுவேன்!"

கண்டக்டர் வந்து விசில் அடித்தார். பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. வரதன் ஜன்னலைப் பிடித்தபடி கூடவே நடந்தான், பிறகு ஓடினான்.

"இன்னொன்னு இருக்கு!" என்று கத்தினான்.

"இன்னாது?"

"அந்த ஐஸ் விஷயம். நானா வெக்கலன்னு சொன்னது உண்ம. ஆனா..."

மிச்சம் ஹாரன் சத்தத்தில் போய்விட்டது. பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். குணசுந்தரி தலையை நீட்டி, ஊரே கேட்கும்படி, "போன்ல சொல்லுங்க! ஆனா சுருக்கமா!" என்றாள்.

"டிக்கெட்ட வாங்கிக்கினு லவ் பண்ணும்மா" என்றார் கண்டக்டர்.